நூறு வரை சொல்கிறாள், ஆறு கரண்டி எடுக்கத் தெரியவில்லை

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. ஒன்று முதல் நூறு வரை தமிழிலும் ஆங்கிலத்திலும் கடகடவென்று ஒப்பிப்பாள். ஆனால் "ஆறு கரண்டி எடுத்து வா" என்றால் கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு வருகிறாள். மூன்று கேட்டால் சரியாக வருகிறது. அதற்கு மேல் எது கேட்டாலும் ஒரு கைப்பிடிதான். வகுப்பு ஆசிரியை, "கணக்கில் கொஞ்சம் பின்தங்கி இருக்கிறாள், வீட்டில் எழுதிப் பழக்குங்கள்" என்றார். தினமும் மாலையில் 1 முதல் 50 வரை இரண்டு தடவை எழுத வைக்கிறேன். பாதியிலேயே அழுகை தொடங்கிவிடுகிறது. 3-ஐயும் 7-ஐயும் திருப்பிப் போடுகிறாள். மூத்தவனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. 8+5 என்றால் இன்னமும் விரல் விட்டுத்தான் எண்ணுகிறான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மனசுக்குள் போடு என்றால் திணறுகிறான். எனக்கே சிறு வயதிலிருந்து கணக்கு என்றால் வயிற்றைக் கலக்கும். என் பயம் இவர்களுக்கும் ஒட்டிக்கொண்டதா? இப்போதே டியூஷனில் சேர்த்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். டியூஷன் வேண்டாம். ஐம்பது வரை எழுத வைப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மூத்தவனின் கைகளை அவிழ்த்து விடுங்கள். ஏன் என்பதை இனி நிதானமாகப் பார்க்கலாம்.

கடிதத்தைப் படித்தபோது "மூன்று கேட்டால் சரியாக வருகிறது" என்ற வரியில் நின்றுவிட்டேன். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சிறு குழந்தைகளின் கணக்கோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் புழங்குகிற எனக்கு, மொத்தக் கடிதத்திலும் அதுதான் முக்கியமான செய்தி. உங்கள் மகள் எங்கே நிற்கிறாள் என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது.

எண்களைச் சொல்வதும் எண்ணுவதும் வேறு வேறு வேலைகள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நூறு வரை சொல்வது பாட்டை மனப்பாடமாகச் சொல்வது போல. அதற்குக் காதும் நாக்கும் நினைவும் போதும். "ஆறு" என்ற சொல் ஒரு குவியலின் அளவைக் குறிக்கிறது என்று புரிவது வேறு. முதலாவது வந்த பிறகு இரண்டாவது வர ஒரு வருடம்கூட ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். இடைப்பட்ட காலத்தில் எல்லாக் குழந்தைகளும் உங்கள் மகள் செய்வதைத்தான் செய்கிறார்கள்.

1990-களின் தொடக்கத்தில் காரன் வின் என்ற உளவியலாளர் நீங்கள் வீட்டில் செய்ததையே ஆய்வாகச் செய்தார். குழந்தையின் முன்னால் சின்னப் பொம்மைகளைக் குவித்து வைத்து, "ஒன்று கொடு, இரண்டு கொடு, ஐந்து கொடு" என்று கேட்டார். எண் வரிசையைத் தடங்கலில்லாமல் சொல்லும் குழந்தைகள் பலர், ஒன்று கேட்டால் மட்டும் சரியாகக் கொடுத்தார்கள். வேறு எது கேட்டாலும் ஒரு பிடி. சில மாதங்கள் கழித்து "இரண்டு" பிடிபட்டது, அப்புறம் "மூன்று". ஒவ்வொரு சொல்லாக, மாதக்கணக்கில். மூன்றோ நான்கோ தெளிந்த பிறகு ஒரு தாவல் வருகிறது. அதன் பிறகு ஐந்து, ஆறு, எட்டு என எதைக் கேட்டாலும் எண்ணி எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பலருக்கு இது நாலு வயதை ஒட்டி நடக்கும், சிலருக்கு ஐந்தை நெருங்கும்போது. உங்கள் மகள் அந்தத் தாவலுக்கு ஓர் அடி முன்னால் நிற்கிறாள்.

எழுதிப் பழகுவது இந்த இடத்தில் ஏன் உதவாது என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். 1 முதல் 50 வரை எழுதும் குழந்தையின் கவனம் முழுவதும் கோட்டின் வளைவில் இருக்கிறது. பென்சிலைப் பிடிப்பதே அந்த விரல்களுக்குப் பெரிய பாடு. 27-க்குப் பக்கத்தில் 28-ஐ எழுதும்போது எதுவும் ஒன்று கூடவில்லை, பக்கம்தான் நிறைகிறது. 3-ஐத் திருப்பிப் போடுவதைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஆறு, ஏழு வயது வரைக்கும் ஏராளமான குழந்தைகள் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஒரு டம்ளரைத் திருப்பி வைத்தாலும் அது டம்ளர்தானே? எழுத்துக்கும் எண்ணுக்கும் மட்டும் திசை உண்டு என்பது பழகப் பழகத்தான் உறைக்கும்.

சரி, என்ன செய்வது? முதலில் அவள் எப்படி எண்ணுகிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். திருத்த வேண்டாம், பார்த்தால் போதும். ஏழு பொத்தான்களைத் தரையில் கொட்டி, "எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். நான் பார்த்த ஒரு சிறுமியின் கை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆள்காட்டி விரலை நீட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" வரை விரலும் வாயும் ஒன்றாகப் போயின. நான்காவது பொத்தானில் வாய் முந்திக்கொண்டது, "நாலு, அஞ்சு" என்று ஒரே பொத்தானுக்கு இரண்டு பெயர். ஓரமாகக் கிடந்த ஒன்றை விரல் தொடவே இல்லை. கடைசியில் தொடங்கிய பொத்தானுக்கே வந்து, அதற்கு மறுபடியும் ஓர் எண் கொடுத்து, "எட்டு" என்றாள். "அப்போ மொத்தம் எத்தனை?" என்று கேட்டேன். "எட்டு" என்ற சொல் வரவில்லை. விரலை மறுபடி முதல் பொத்தானில் வைத்து, "ஒண்ணு, ரெண்டு..." என்று ஆரம்பித்தாள்.

இந்த அரை நிமிடத்தில் எத்தனை விஷயம் இருக்கிறது பாருங்கள். ரோஷல் கெல்மன், காலிஸ்டல் என்ற இருவர் 1978-இல் எண்ணுதலின் அடிப்படையை ஐந்து விதிகளாகப் பிரித்து வைத்தார்கள். ஒரு பொருளுக்கு ஒரே எண். எண்களின் வரிசை மாறக் கூடாது. கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம். எதை வேண்டுமானாலும் எண்ணலாம். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் மொத்தம் ஒன்றுதான். அந்தச் சிறுமிக்கு இரண்டாவது விதி கச்சிதமாக இருந்தது, முதலாவது பாதி இருந்தது, மூன்றாவது இன்னும் வரவில்லை. "எத்தனை?" என்ற கேள்வியை அவள் "எண்ணிக் காட்டு" என்ற கட்டளையாகவே எடுத்துக்கொண்டாள். "கணக்கு வரவில்லை" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் இது எதுவும் தெரியாமல் போய்விடும்.

ஒரு பொருளுக்கு ஒரே எண் என்பது வசப்பட, பொருளை நகர்த்தச் சொல்லுங்கள். சுட்டிக்காட்டுவதற்குப் பதிலாக ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு கிண்ணத்தில் போட்டு எண்ணட்டும். எண்ணியதும் எண்ணாததும் கண்ணெதிரே பிரிந்து கிடக்கும். படிக்கட்டு ஏறும்போது படிக்கு ஓர் எண், சட்டைக்குப் பொத்தான் போடும்போது பொத்தானுக்கு ஓர் எண். வாயும் உடம்பும் ஒன்றாகப் போகும் எதுவும் நல்லது.

மொத்தம் என்பது விளங்க, நீங்கள் பேசும் விதத்தைச் சற்று மாற்றினால் போதும். முதலில் மொத்தத்தைச் சொல்லுங்கள், எண்ணுங்கள், மறுபடி மொத்தத்தைச் சொல்லுங்கள். "இங்க பார், நாலு கரண்டி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு கரண்டி." கடைசி "நாலு"-வைச் சொல்லும்போது எல்லாவற்றையும் சேர்த்துக் கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டுங்கள். எண்ணும் வேலைக்கும் மொத்தத்துக்கும் நடுவே உள்ள தொடர்பு குழந்தையின் காதில் அடுத்தடுத்து விழ வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். நாம் பெரும்பாலும் எண்ணுவதோடு நின்றுவிடுகிறோம், அல்லது மொத்தத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம்.

மூன்று தெரிந்தவளுக்கு அடுத்தது நான்கு. ஐம்பது அல்ல. இரண்டு வாரத்துக்கு நான்கோடு மட்டும் விளையாடுங்கள். நான்கு செருப்பு, நாற்காலியின் நான்கு கால், நான்கு தட்டு. மூன்றை வைத்து, "இது நாலா?" என்று கேளுங்கள். "இது நாலு இல்ல, மூணு" என்று அவள் மறுக்கும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், கவனித்துப் பாருங்கள். எது நான்கு என்பதோடு எது நான்கு இல்லை என்பதும் தெரிய வேண்டும்.

இதெல்லாம் வெறும் பேச்சுத்தானே என்று தோன்றலாம். சூசன் லெவினும் அவரோடு சேர்ந்தவர்களும் 44 குடும்பங்களில், குழந்தை 14 மாதமாக இருந்ததிலிருந்து 30 மாதம் ஆகும்வரை ஐந்து முறை வீட்டுக்குப் போய்ப் பேச்சைப் பதிவு செய்தார்கள். அந்த ஐந்து சந்திப்புகளிலும் சேர்த்து ஒரு வீட்டில் எண் சொற்கள் 4 தடவைதான் வந்தன, இன்னொரு வீட்டில் 257 தடவை. எண்கள் அதிகம் புழங்கிய வீட்டுக் குழந்தைகள், கிட்டத்தட்ட நான்கு வயதில் "இத்தனை" என்பதை நன்றாகப் புரிந்திருந்தார்கள். 2010-இல் வெளிவந்த ஆய்வு இது. அடுத்த ஆண்டு வந்த தொடர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: கண்ணெதிரே இருக்கும் பொருள்களை எண்ணிப் பேசுவதுதான் பலன் தருகிறது, அதிலும் நான்கு முதல் பத்து வரையிலான எண்ணிக்கைகள். சும்மா ஒப்பிப்பது அந்தக் கணக்கில் சேரவில்லை.

எண்ணாமலே எண்ணிக்கை தெரிவது என்று ஒன்று உண்டு. பகடையில் மூன்று புள்ளி விழுந்தால் நாம் எண்ணுவதில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. இதற்கு 1949-இல் சபிடைசிங் என்று பெயர் வைத்தார்கள், "திடீர்" என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து. நமக்கெல்லாம் இது ஏறத்தாழ நான்கு வரைதான் ஓடும். உங்கள் மகளுக்கு மூன்று வரை ஓடுவதால்தான் மூன்று கரண்டி சரியாக வருகிறது. அட்டைகளில் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி வையுங்கள், ஒரே எண்ணுக்கு வேறு வேறு அமைப்பில். ஒரு நொடி காட்டி மறைத்து, "எத்தனை பார்த்தே?" என்று கேளுங்கள். ஐந்தைக் காட்டும்போது, "மூணும் ரெண்டும்" என்று ஒரு நாள் அவளே சொல்வாள். கூட்டல் அங்கேதான் பிறக்கிறது. எண்களையும் கூட்டல் குறியையும் எழுதும் நாள் அதற்கு வெகு பின்னால் வந்தாலும் குறையில்லை.

இனி ஒரு விளையாட்டு. இதை நான் எல்லாப் பெற்றோருக்கும் சொல்கிறேன், செலவும் இல்லை. ஒரு தாளில் நீளவாக்கில், ஒரே நேர்கோட்டில், ஒரே அளவில் பத்துக் கட்டம் போட்டு இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எழுதுங்கள். ஒன்றும் இரண்டும் மட்டும் எழுதிய ஒரு பகடையோ இரண்டு சீட்டுத் துண்டுகளோ போதும். ஆளுக்கு ஒரு காய். ராபர்ட் சீக்லரும் கீதா ராமணியும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், வசதி குறைந்த குடும்பங்களின் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் இதைப் பதினைந்து பதினைந்து நிமிடமாக, இரண்டு வாரத்தில் நான்கு முறைதான் விளையாடினார்கள். எந்த எண் பெரியது என்று சொல்வதிலும், ஒரு கோட்டில் எண்ணின் இடத்தைக் காட்டுவதிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அது நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதிலாக நிறம் பூசிய கட்டங்களில் அதே விளையாட்டை ஆடிய குழந்தைகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதை விட்டுவிட்டால் பாதி பலன் போய்விடும். காய் 3-இல் இருக்கிறது, பகடையில் 2 விழுகிறது. குழந்தை "ஒண்ணு, ரெண்டு" என்று நகர்த்தும். "நாலு, அஞ்சு" என்று கட்டத்தின் பெயரைச் சொல்லி நகர்த்தப் பழக்குங்கள். தொடக்கத்தில் இது அவளுக்குக் கஷ்டம். அவளுடைய முறையிலும் நீங்களும் சேர்ந்து சொல்லுங்கள். 5 வரை போக எத்தனை அடி, எத்தனை சொல், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்று எல்லாமே ஒன்றாகக் கூடுவதால், பெரிய எண் என்றால் என்ன என்பது கைக்கும் கண்ணுக்கும் சேர்ந்தே தெரிகிறது. தினமும் பத்து நிமிடம் போதும். அவள் போதும் என்பதற்கு முன்பே நீங்கள் எடுத்து வைத்துவிடுங்கள்.

விளையாடும்போதும் வீட்டில் பேசும்போதும் ஒரு பழக்கத்தை விட்டுவிட வேண்டும். சரியாகச் சொன்ன குழந்தையிடம் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்பது. இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்கு வந்த புதிதில் ஐந்து வயதுப் பையன் ஒருவனிடம் ஆறு குச்சிகளை வைத்து எத்தனை என்று கேட்டேன். "ஆறு" என்றான். உறுதி செய்துகொள்ளலாமே என்று, "எத்தனை? நல்லா பாரு" என்றேன். "அஞ்சு" என்றான். மறுபடி கேட்டேன், "ஏழு" என்றான். அவனுடைய குறிப்பேட்டில் "கவனம் போதாது" என்று எழுதினேன். பெரியவர்கள் ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்டால் முதல் பதில் தப்பு என்றுதான் பொருள் என்று அந்தக் குழந்தை சரியாகவே புரிந்துகொண்டிருந்தான். அவன் கவனம் என் முகத்தில் இருந்தது. அந்தக் குறிப்பை எழுதியதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன்.

இது பிறகு படித்தபோதுதான் எனக்குத் தெளிந்தது. இரண்டு வரிசையில் சம எண்ணிக்கையில் வில்லைகளை வைத்து, ஒரு வரிசையை மட்டும் அகட்டி வைத்துவிட்டு, "இப்போதும் சமமா?" என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே குழந்தைகளிடம் கேட்டார். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பல குழந்தைகள் நீளமான வரிசையில்தான் அதிகம் என்றார்கள். 1974-இல் மெக்காரிகிள், டொனால்ட்சன் இருவரும் அதையே கொஞ்சம் மாற்றினார்கள். ஒரு குறும்புக் கரடிப் பொம்மை வந்து வரிசையைக் கலைத்துவிட்டது போல நடித்து, அதே கேள்வியைக் கேட்டார்கள். சரியாகச் சொன்ன குழந்தைகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடிவிட்டது. பெரியவர் வேண்டுமென்றே மாற்றி வைத்துவிட்டுக் கேட்டால் வேறு பதிலை எதிர்பார்க்கிறார் என்று குழந்தை நினைக்கிறது. கரடி கலைத்தால் அந்தக் குழப்பமில்லை. ஆகவே, உங்களுக்கு உறுதி வேண்டுமென்றால், "எப்படிக் கண்டுபிடிச்சே? எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். பதில் சரியாக இருக்கும்போதும் கேளுங்கள், தவறாக இருக்கும்போதும் கேளுங்கள். அப்போதுதான் அது மிரட்டலாக ஒலிக்காது.

தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் தமிழிலேயே எண்ணுங்கள். நம் எண் பெயர்களுக்குள்ளேயே பாடம் இருக்கிறது. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். பதின்மூன்று என்றால் பத்தும் மூன்றும். இருபது இரண்டு பத்து, முப்பது மூன்று பத்து. லெவன், ட்வெல்வ் என்ற சொற்களைக் கேட்டு உள்ளே ஒரு பத்து ஒளிந்திருப்பதைக் குழந்தையால் கண்டுபிடிக்க முடியாது. பதினான்கு பொத்தானைப் பத்தாகவும் நான்காகவும் பிரித்து வைத்து, "பத்து, நாலு, பதினாலு" என்று சொல்லிக் காட்டுங்கள், இடமதிப்பின் விதை விழுந்துவிடும். தமிழிலும் இரண்டு மேடு உண்டு. ஒன்பது என்ற சொல்லின் முடிவு இருபது, எண்பது போலவே ஒலிக்கிறது. தொண்ணூறு என்றால் நூறின் சொந்தம் போலத் தெரிகிறது. இருபத்தொன்பதுக்கு அப்புறம் "இருபத்திப் பத்து" என்று அவள் சொன்னால் அதைப் பிழையென்று அடிக்காதீர்கள். விதியைப் பிடித்துக்கொண்டவள்தான் அப்படிச் சொல்வாள். எண்ணி எடுக்கும் சூட்சுமம் ஒரு மொழியில் பிடிபட்டுவிட்டால் இன்னொரு மொழிக்குப் போய்ச் சேர அதிக நாள் ஆகாது, எனவே பள்ளியில் ஆங்கிலம் என்பதைப் பற்றிப் பயப்பட வேண்டாம்.

எண் மட்டுமே கணக்கில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கட்டைகளை அடுக்குவது, படப் புதிரைச் சேர்ப்பது, துவைத்த துணிகளை ஆளுக்கு ஆள் பிரிப்பது, "மேலே, கீழே, நடுவில், திருப்பு" என்று பேசிக்கொண்டே செய்வது, சிவப்பு நீலம் சிவப்பு நீலம் என்று கோத்து அடுத்தது எது என்று கேட்பது எல்லாம் கணக்குதான். அவற்றுக்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

இப்போது மூத்தவனிடம் வருவோம். விரல் விட்டு எண்ணுவது குறை என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ, அது பல குழந்தைகளை வருத்தியிருக்கிறது. குழந்தைகள் கூட்டலுக்குள் போகும் பாதை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் எட்டையும் எண்ணி, ஐந்தையும் எண்ணி, மறுபடி எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். அப்புறம் எட்டை மனதில் வைத்துக்கொண்டு "ஒன்பது, பத்து, பதினொன்று..." என்று ஐந்து விரலை மடக்குவார்கள். பிறகு 8-க்கு 2 கொடுத்தால் பத்து, மிச்சம் 3, ஆக 13 என்று உடைத்துப் போடுவார்கள். கடைசியில் நினைவிலிருந்தே வரும். முதல் கட்டத்தில் இருக்கும் குழந்தையைக் கையைக் கட்டச் சொன்னால் அது நான்காவது கட்டத்துக்குத் தாவிவிடாது. கருவி பறிபோன கையோடு ஊகம் செய்யத்தான் தொடங்கும், இல்லையென்றால் மேசைக்கு அடியில் விரலை மறைத்து எண்ணும்.

அவன் எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்று பாருங்கள். எட்டிலிருந்து தொடர்ந்து எண்ணுகிறான் என்றால் இரண்டாம் வகுப்புக்கு அது நல்ல இடம். எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணினால், எட்டுப் பொருளை ஒரு டப்பாவுக்குள் போட்டு மூடி மேலே 8 என்று எழுதி, வெளியே ஐந்தை வையுங்கள். மூடிய டப்பாவை எண்ண முடியாதல்லவா, அதுவே அவனை "எட்டு..." என்று தொடங்க வைக்கும். அடுத்து, ஐந்து ஐந்தாக இரண்டு வரிசையில் பத்துக் கட்டம் வரைந்து, எட்டுக் கட்டத்தை நிரப்பி, "இன்னும் எத்தனை போட்டா நிறையும்?" என்று கேளுங்கள். ஏழு என்றால் ஒரு கை முழுதும் இன்னொரு கையில் இரண்டும் என்று ஒரே வீச்சில் காட்டப் பழகட்டும். அப்போது விரல் எண்ணுகிற கருவியாக இருந்தது போய்ப் படமாக மாறிவிடும். படம் மனதுக்குள் போன பிறகு விரல் தானாக ஓய்ந்துவிடும்.

அவனுக்கு எழுதிக் கொடுக்கும்போது சில சமயம் 8+5=__ என்பதை விட்டுவிட்டு, 13=8+__ என்றும், 8+4=__+5 என்றும் கொடுத்துப் பாருங்கள். 1990-களில் ஓர் ஆய்வில் இந்தக் கடைசிக் கணக்கை ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேரிடம் கொடுத்தார்கள். அத்தனை பேரும் 12 என்றோ 17 என்றோ எழுதினார்கள். ஒருவர்கூட 7 என்று எழுதவில்லை. சமக்குறி என்றால் "விடையை இங்கே எழுது" என்று ஆண்டுக்கணக்கில் பழகியதன் விளைவு அது. இருபுறமும் சமம் என்பதை ஏழு வயதிலேயே ஒரு தராசின் படம் போட்டுக் காட்டிவிடலாம்.

உங்கள் பயத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மறைக்காமல் சொல்கிறேன், அது ஒட்டக்கூடியதுதான். 2015-இல் எரின் மலோனியும் சக ஆய்வாளர்களும் முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளைப் பார்த்தார்கள். கணக்குக்குப் பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்துக்கு உதவிய வீடுகளில், குழந்தைகள் அந்த ஆண்டில் குறைவாகக் கற்றிருந்தார்கள், பயமும் கூடியிருந்தது. அதே அளவு பயமுள்ள பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அவ்வளவாகத் தலையிடாத வீடுகளில் அந்த விளைவு காணப்படவில்லை. ஆகவே ரத்தத்தில் வந்தது என்று நினைக்காதீர்கள். மாலையில் நோட்டுக்கு முன்னால் உட்காரும் அந்த அரை மணி நேரத்தில், உங்கள் மூச்சிலும் குரலிலும் புருவத்திலும்தான் அது இறங்குகிறது. கட்ட விளையாட்டில் உங்களுக்கு வயிற்றைக் கலக்காது. படியை எண்ணும்போதும் கலக்காது. அதனால்தான் அவற்றைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். மகனின் நோட்டை முடிந்தால் வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும். யாரும் இல்லையென்றால், "நீ எனக்குச் சொல்லிக்கொடு" என்று அவன் பக்கத்தில் உட்காருங்கள். "எனக்கும் கணக்கு வராது" என்ற வாக்கியத்தைக் குழந்தைகளின் காதுபடச் சொல்லவே சொல்லாதீர்கள், ஆறுதலுக்காகக்கூட.

ஆசிரியையிடம் போய்ப் பேசுங்கள், சண்டைக்கு வேண்டாம். "மூன்று வரை எண்ணி எடுக்கிறாள், நான்கு வந்துகொண்டிருக்கிறது, அதனால் வீட்டில் பொருள்களை வைத்துப் பழக்குகிறோம், கொஞ்ச நாளைக்கு எழுத்து வேலையைக் குறைக்க முடியுமா?" என்று கேளுங்கள். பின்தங்கி இருக்கிறாள் என்று பொதுவாகச் சொல்கிறவர்கள்கூட, இப்படிக் குறிப்பாகச் சொன்னால் குழந்தையைத் திரும்பிப் பார்ப்பார்கள். வகுப்பில் தாள்களை விநியோகிக்கும் வேலையை அவளுக்குக் கொடுக்கச் சொல்லலாம், ஒரு வரிசைக்கு எத்தனை தாள் என்று எண்ணி எடுக்கும்படி. நாற்பது குழந்தைகளை வைத்திருப்பவருக்கு அதிக வேலை வைக்காத யோசனை இது.

எப்போது கவலைப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்படி ஆறு மாதம் போல விளையாடிய பிறகும் நான்கு, ஐந்து பிடிபடவில்லை என்றாலோ, மூன்றையும் இரண்டையும் பார்த்து எது அதிகம் என்று சொல்ல முடியவில்லை என்றாலோ, பேச்சிலும் மற்ற வேலைகளிலும் சேர்ந்தே தடுமாற்றம் தெரிந்தாலோ, முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட்டுக் குழந்தை வளர்ச்சி நிபுணரைப் பாருங்கள். எண்களைக் கையாள்வதில் தனிப்பட்ட கற்றல் சிரமம், அதாவது டிஸ்கால்குலியா, குழந்தைகளில் சுமார் 3 முதல் 7 விழுக்காட்டினருக்கு இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். நாலரை வயதில் அதை உறுதியாகச் சொல்லவும் முடியாது. உங்கள் கடிதத்தில் உள்ளதை வைத்து எனக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை.

இன்று இரவு தட்டு வைக்கும்போது ஆறு கேட்க வேண்டாம், நான்கு கரண்டி கேளுங்கள். ஐந்து கொண்டு வந்தால் மேசையில் நான்கு தட்டை வைத்து, தட்டுக்கு ஒன்றாக அவளையே வைக்கச் சொல்லுங்கள். கையில் ஒன்று மிஞ்சும். அதைப் பார்த்து அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.